அண்ணன் கேட்ட தொப்புள்கொடி

மந்தாரக்குப்பம் கடைவீதியில், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், என் அண்ணன் என்னைக் கீழே தள்ளி மிதித்தான். நான் திருப்பி அடிக்கவில்லை. பயம் இல்லை. அடித்தால் அவன் செத்துப்போவான்.

அண்ணன் மைன்சில் பர்மனென்ட். நிலக்கரி போகிற பெல்ட்டில் வேலை. அதே பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளிப் போடுகிற கான்ட்ராக்ட் ஆள் நான். சின்ன வயதிலிருந்து அவனுக்குக் கைதான் முன்னால் போகும், பேச்சு பின்னால் வரும். எனக்கு இரண்டும் வராது. நாலு பேர் நிற்கிற கடையில் டீ கேட்கக்கூடக் கூச்சப்படுவேன். போன மாசி மாதம் ஒரு வேன் டிரைவரின் கழுத்தைப் பிடித்து வண்டிக் கதவில் மோதிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. அடித்தவன் விழுந்தான். அடி வாங்கியவன் மூக்கில் ரத்தம் ஒழுக அவனை அதே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் இதயத்தின் முன்பக்கத்துச் சதை செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சின்ன வயதுப் பெண். ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, சண்டை கூடாது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். நான் கதவோரமாக நின்றிருந்தேன்.

"செத்த சத திரும்ப மொளைக்காதா மேடம்?" என்றான் அண்ணன்.

"மொளைக்காதுங்க. அந்த எடத்துல தழும்புதான் மிஞ்சும்."

"இத்தினி மெஷின் வச்சிகினு இதுக்கு ஒண்ணும் கண்டுபுடிக்கலியா?"

டாக்டர் சிரித்தார். "ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்குங்க. வேற வேற சதையா மாறக்கூடியது. அதை இதயச் சதையா மாத்தி, கண்ணாடித் தட்டுல வளக்கிறாங்க. தட்டுலயே அது துடிக்கும். ஆனா இன்னும் சோதனையிலதான் இருக்கு. உங்களுக்கு இப்ப இல்லை."

"அத எங்கேர்ந்து எடுப்பாங்க?"

"தோல்லேர்ந்து, ரத்தத்துலேர்ந்துகூட உண்டாக்குறாங்க. தொப்புள்கொடியிலயும் ஒரு வகை கிடைக்கும்."

அண்ணனுக்குத் தொப்புள்கொடி மட்டும்தான் காதில் ஏறியது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டிவிடுவார்கள். அண்ணனுடையது ஏரியில் குளித்தபோது அறுந்து போனது. என்னுடையது, தலை நரைத்த பிறகும், இடுப்பிலேயே இருந்தது. கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. நம் முன்னோர்கள் தாயத்தில் ஸ்டெம் செல்லைத்தான் சேர்த்து வைத்தார்கள், எந்த நோய்க்கும் அதுவே மருந்து என்று யாரோ அண்ணன் போனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அதைப் பத்து பேருக்கு அனுப்பினான்.

சும்மா கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் அதற்குள் அண்ணி என் வீட்டு வாசலில் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். "மாத்திரய பூரா சாக்கடையில கொட்டிட்டாரு தம்பி. புது சத மொளைக்கப் போவுது, இது இன்னாத்துக்குன்றாரு. நீதான் எதுனா சொல்லணும்."

எனக்கு யாரிடமும் எதுவும் சொல்லத் தெரியாது. கடைவீதியில் அவனே வந்து கை நீட்டினான்.

"தாயத்தக் குட்றா. ஒரே வயித்துல பொறந்தது, எனக்கு ஒத்துக்கும்."

"மாத்திரை போடுணா. ஒரு மாசம் போடு. அப்பறம் தரேன்."

"எனக்கே கண்டிசன் போடுறியா? ஊமக்கோட்டான் பேசுது பார்றா!"

முதல் அடி காதில் விழுந்தது. அப்புறம் வயிற்றில். விழுந்தவனை மிதித்தான். சட்டை கிழிந்தது, வேட்டி அவிழ்ந்தது. அத்தனை பேர் முன்னால் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அது அறுந்து தொலையாமல் இடுப்பை அறுத்தது. பஸ்சுக்கு நின்ற ஒருவர், "இன்னாயா, அண்ணந்தம்பி பாகப்பிரிவினையா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அண்ணன் இளநீர்க்காரரின் கத்தியைப் பிடுங்கி வந்தான். கயிறும் அறுந்தது, என் இடுப்புச் சதையும் அறுந்தது. என் கை அவன் நெஞ்சுக்கு நேராகத்தான் இருந்தது. ஒரு தள்ளு போதும். கையை மண்ணில் ஊன்றிக்கொண்டேன்.

தாயத்தை எடுத்துக்கொண்டு நாலு அடி நடந்தவன் அப்படியே உட்கார்ந்தான். உதடு கறுத்தது. இரண்டு பேர் அவனை அடிக்க ஓடி வந்தார்கள். "தொடாதீங்க! நெஞ்சு நோவுக்காரன்!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் கத்தியதே இல்லை. ஆட்டோவில் அவன் தலையும் என் ரத்தமும் என் மடியிலேயே இருந்தன.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றக் கையை விரிக்கச் சொன்னால் அண்ணன் விரிக்கவில்லை. அதே டாக்டர் வந்துதான் விரலைப் பிரித்தார். தாயத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது காஞ்ச சருகுங்க. இதுல உயிரோட ஒண்ணும் இல்லை. உயிரோட இருந்தாலும் தம்பி செல்லை உங்க உடம்பு எதிரின்னு நெனச்சி அடிச்சிக் கொன்னுடும். அண்ணன் தம்பின்னெல்லாம் அது பாக்காது. அதையும் தப்பிச்சி ஒட்டுச்சின்னா, பழைய சதையோட சேந்து துடிக்கணும். அது ஒரு பக்கம் இது ஒரு பக்கம் துடிச்சா ஆளே போயிடுவீங்க."

அண்ணன் தாயத்தைச் சுவரில் விட்டெறிந்தான். ஊசிக் குழாயைப் பிடுங்கினான். நர்சின் கையிலிருந்த மாத்திரையைத் தட்டிவிட்டு, "அப்ப சாவுறேன், வுடுங்க," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். டாக்டர் கெஞ்சினார். அண்ணி காலைப் பிடித்தாள்.

இடுப்பில் தையல் போட்ட வலியோடு நான் கதவோரத்தை விட்டு வந்தேன். அவன் தாடையை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தேன். வாய் திறந்தது. மாத்திரையைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினேன். நறுக்கென்று கடித்தான். பல் எலும்பு வரை இறங்கியது. விரலை எடுக்கவில்லை.

"தண்ணி ஊத்து அண்ணி," என்றேன்.

அவன் கண்ணில் நீர் வழிந்தது. கடித்தபடியே விழுங்கினான்.