துரைக்கம்பு

நீங்கள் வேலை செய்கிற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்த யாருக்கு அதிகாரம்? சட்டென்று பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். யோசிக்கிறீர்கள் அல்லவா? நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் ஒரு கை உருளைக்குள் போய்விடும். போயிருக்கிறது. அந்தக் கைக்கு உரியவள் பெயர் மங்களம். இது அவளுடைய தம்பி சன்னாசியின் கதை.

மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன் சன்னாசி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலு பாட்டும் கொஞ்சம் கூட்டலும் சொல்லிக்கொடுத்து, வளர்ந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்ட அனுப்பிவிடுவார்கள். எல்லாருக்கும் விதித்த பாதை அது. சன்னாசி மட்டும் அதிலிருந்து நழுவி, ஈயச் சுரங்கத்துப் பட்டறை ஒன்றில் வெள்ளைக்கார ஃபிட்டருக்கு எடுபிடியாகப் போனான். ஆங்கிலத்தை முதலில் வசவுகளாகவும் பிறகு அளவுகளாகவும் கற்றுக்கொண்டான். கிடைத்ததையெல்லாம் வாசித்தான். நெற்றியில் எதுவும் பூசமாட்டான். ஏன் என்று கேட்டால் கேட்டவர் வருந்தும் அளவுக்குப் பதில் சொல்வான். கடைசியில், சுரங்க முதலாளிகளும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து ஈப்போவில் நடத்திய இயந்திரத் தொழிற்பள்ளியில் தமிழ் ஆட்களுக்குப் பாடம் சொல்லும் துணை ஆசிரியன் ஆனான்.

பள்ளியில் அவனிடம் படித்து முதலாவதாகத் தேறியவன் பத்துமலை. எஞ்சினைக் கிளப்புவதிலும் எண்ணெய் விடுவதிலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வதிலும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அவனுக்கு வேலை கிடைத்தது சன்னாசி பிறந்த அதே தோட்டத்தில், பால் ஸ்டோரில். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக நசுக்கும் உருளைகள் அங்கே பெல்ட்டில் ஓடின. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு நின்றது. அதைப் பிடித்து இழுத்தால் பெல்ட் பக்கத்தில் சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தாவிவிடும். எஞ்சின் ஓடும், உருளை நின்றுவிடும். தோட்டத்தில் அந்தக் கம்புக்குப் பெயர் துரைக்கம்பு. தோட்டத்துத் துரையின் உத்தரவு இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்பதால் வந்த பெயர். பெயர் வைத்தது துரை அல்ல, நம்முடைய ஜனங்கள்தான். அடிமைத்தனத்துக்குச் செல்லப்பெயர் வைப்பதில் நமக்கு நிகர் நாமே.

ஒருநாள் பெல்ட் கிழிவது போலச் சத்தம் கேட்டுப் பத்துமலை தானாக அந்தக் கம்பை இழுத்தான். பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. துரை வந்து எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனார். அடுத்த மாதம், அதே ஸ்டோரில் உருளைக்குத் தகடு விடும் மங்களத்தின் வலதுகை பால் தகட்டோடு சேர்ந்து உருளைக்குள் போனது. பத்துமலை கம்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். அவன் கம்பை இழுக்கவில்லை. உத்தரவு கேட்க ஆபீசுக்கு ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது மங்களத்துக்குக் கட்டைவிரல் மட்டும் மிச்சம் இருந்தது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். முனியாண்டி பலி கேட்டுவிட்டார் என்றார் கூலிகளை மேய்க்கும் தண்டல். உருளைக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, ஸ்டோர் வாசலில் கடா வெட்டினார்கள். கடாவை வாங்கிக் கொடுத்தது தோட்ட நிர்வாகம். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி வைக்கச் சொன்னால் யோசிக்கிற நிர்வாகம், முனியாண்டிக்குக் கடா என்றதும் உடனே கொடுத்தது. ஏன் கொடுக்காது? குற்றம் சாமி தலையில் போனால் துரைக்குத் தலைவலி இல்லை. பத்துமலை அதற்குப் பிறகு எஞ்சின் பக்கம் போகவில்லை. பால் வெட்டும் காட்டுக்கே திரும்பிவிட்டான்.

சன்னாசியால் பத்துமலையைத் திட்டவும் முடியவில்லை. கிளப்ப, ஓட்ட, துடைக்க, பழுது பார்க்க என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். நிறுத்துவதைத் தனிப் பாடமாக அவன் நினைத்ததே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் அந்தப் பள்ளியின் வகுப்பை இரண்டு வருடப் படிப்பாக உயர்த்தப் போவதாகப் பேச்சு வந்தது. பாடத்திட்டத்தை அடியோடு மாற்ற ஒரு குழு போட்டார்கள். தலைவர் பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரை. தமிழர் சார்பில், ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி ராமையா. தமிழ்ப் பகுதியை எழுதித் தரும் வேலை சன்னாசிக்கு வந்தது.

அவன் இராப்பகலாக எழுதினான். படம் வரைதல், பின்னக் கணக்கு, வெப்பம், உலோகங்களின் குணம் என்று, அதுவரை கூலியாளுக்குத் தேவையில்லை என்று ஒதுக்கி வைத்திருந்ததையெல்லாம் உள்ளே கொண்டுவந்தான். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் நாள் முதல் பாடமாக, இயந்திரத்தை நிறுத்துவதை வைத்தான். ஆபத்து என்று தோன்றினால் யாராக இருந்தாலும் நிறுத்தலாம், நிறுத்தியவனிடம் காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது பாடம்.

குழுவில் அதைப் படித்துக் காட்டியதும் ராமையா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்யா சன்னாசி, முதல் நாளே நிறுத்தவா சொல்லிக்குடுப்பே? கல்யாணத்தன்னிக்கே தாலியறுக்கிற மாதிரி இருக்கு."

"ஐயா, ஓடுற பெல்ட்டுல உங்க வேட்டி மாட்டிக்கிச்சின்னு வச்சுக்குங்க. நான் ஆபீசுக்கு ஓடிப்போயி கேட்டுட்டு வரட்டுமா?"

"நான் எதுக்கு அங்கன போய் நிக்கப் போறேன்?"

"அதான் ஐயா சங்கதி. நிக்கிறவுகளுக்குத்தான் இந்தப் பாடம்."

ராமையாவுக்கு முகம் சிவந்தது. துரை சிரித்தார். அவர் முரடர் அல்லர். முரடராக இருந்திருந்தால் சன்னாசிக்குச் சுலபமாகப் போயிருக்கும். மற்ற பாடங்களையெல்லாம் மனமாரப் பாராட்டினார், படம் வரைதலைக்கூட ஏற்றுக்கொண்டார். முதல் பாடத்தின்மேல் மட்டும் பென்சிலால் கோடு இழுத்தார். "இன்றைக்கு விரலுக்காக நிறுத்துவார்கள்" என்றார். "நாளைக்குக் கூலிக்காக நிறுத்துவார்கள்." அந்தப் பாடம் இரண்டாம் வருடக் கடைசிக்குப் போனது. தலைப்பும் மாறியது: உத்தரவுப்படி நிறுத்துதல். பிறகு சன்னாசியின் தோளைத் தட்டி, புதிய வகுப்புக்கு அவனே தலைமைத் தமிழாசிரியன் என்றார். தங்க வீடும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சன்னாசி அக்காவைப் பார்க்கப் போனான். மங்களம் லயத்து வாசலில் உட்கார்ந்து இடதுகையால் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்டோர் வேலை போய், புல் வெட்டும் கூட்டத்தில் அரைக்கூலிக்கு இருந்தாள்.

"வீடுன்னா ஓட்டு வீடா, அத்தாப்பு ஓலையா?" என்றாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"ஓட்டு வீடுதான்."

"அப்ப எடுத்துக்கடா. மழைக்கு ஒழுகாதுலா."

"அக்கா, முதல் பாடத்தை அடிச்சிட்டாங்க."

"அதுக்குப் பதிலா முதல் நாளு என்ன படிக்கப் போறாங்க?"

"எஞ்சினைக் கிளப்புறது."

மங்களம் வாய்விட்டுச் சிரித்தாள். "கிளப்ப ஆயிரம் பேரு இருக்கான். அன்னிக்கு ஸ்டோர் பூரா கிளப்பத் தெரிஞ்சவனுங்கதான் நின்னுக்கிட்டு இருந்தானுங்க. ஒனக்கிட்ட படிச்சவன் வேற."

அது சன்னாசியின் நெஞ்சில் தைத்தது. தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, முதல் நாளு நீ வகுப்புக்கு வாரியா? அவங்க பார்க்கட்டும்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "என் கையக் காட்டி வித்தை பண்ணப் போறியா? போடா. ஒன் கை இருக்குல்ல. அதை வச்சுச் சொல்லிக்குடு."

சன்னாசி அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். வகுப்பு தொடங்கிய நாள் காலை. சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் பனி இன்னும் கலையவில்லை. பட்டறைக் கூடத்தில் பழைய உருளை ஒன்று பாடத்துக்காகப் பொருத்தப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தோட்டங்களிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் வந்த ஆட்கள். சன்னாசி பெல்ட் கம்பைக் காட்டினான்.

"இது என்ன?"

"துரைக்கம்பு, வாத்தியாரே." ஒரே குரலில் வந்தது. எந்தத் தோட்டத்து ஆளாக இருந்தாலும் பெயர் இதுதான் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"யார் வேணும்னாலும் வந்து இழுங்க."

ஒருவரும் அசையவில்லை. வாசலைப் பார்த்தார்கள். செமோர்ப் பக்கத்திலிருந்து வந்த ஐயாவு, கூட்டத்தில் வயதில் மூத்தவன், தொண்டையைச் செருமினான். "துரை சொல்லிட்டாரா, தம்பி வாத்தியாரே? எதுக்கு சூசா, வீண் வம்பு?"

சன்னாசி தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, மறுமுனையை உருளைக்குள் விட்டான்.

துண்டு போகத் தொடங்கியது. அவன் கையும் அதன் பின்னால் போனது. துண்டை உதறிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தான். இழுவை வந்ததும் சுற்று இறுகிக்கொண்டது, உதற முடியவில்லை. முழங்காலை மெஷின் சட்டத்தில் முட்டுக்கொடுத்தும் நிற்கவில்லை. அக்காவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. வலி வருவதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தில் சுற்றி நிற்கிற அத்தனை முகமும் தெரிகிறது, ஒரு கையும் நீளுவதில்லை.

"டேய், விடு! விட்டுத் தொலைடா!" என்று யாரோ கத்தினான். இன்னொருவன் ஆபீசை நோக்கி ஓடவே தொடங்கிவிட்டான்.

"எங்கடா ஓடுறீங்க!" என்று கத்தினான் சன்னாசி. "கம்பு இங்க இருக்குடா!"

ஐயாவுதான் பாய்ந்தான். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துத் தன் முழு எடையோடு தொங்கினான். பெல்ட் தாவியது. உருளை நின்றபோது அதற்கும் சன்னாசியின் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் துணிகூட மிச்சம் இல்லை.

"பைத்தியக்காரப் பயலே" என்றான் ஐயாவு. கம்பை அவன் இன்னும் விடவில்லை.

அன்று மாலைக்குள் சன்னாசிக்கு வேலை போயிற்று. பள்ளிக்கூட இயந்திரத்தைச் சேதம் செய்யத் துணிந்தான் என்பது குற்றச்சாட்டு. அவன் கையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. உத்தரவு இல்லாமல் நிறுத்தியதற்காக ஐயாவுக்கு எச்சரிக்கை. ராமையா கொடுத்த எச்சரிக்கை அது. அவரும் தமிழர்தான் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓட்டு வீடு வேறொருவருக்குப் போனது. சன்னாசி இப்போது சித்தியவானில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் அரிசி ஆலையில் எஞ்சின் பார்க்கிறான். பேரா மாநிலம் முழுவதும் தோட்ட வாசல்கள் அவனுக்கு அடைத்துக் கிடக்கின்றன. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் அவள்தான் செமோர் கடைத்தெருவுக்கு வரவேண்டும். புதிய பாடத்திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. நல்ல திட்டம், அவன் எழுதியதுதான். நம்முடைய ஆட்கள் படம் வரையக் கற்றுவிட்டார்கள், பின்னம் போடுகிறார்கள். கை போனால் இன்னும் ஆபீசுக்குத்தான் ஓடுவார்கள்.

ஐயாவு மட்டும் படிப்பை விட்டுத் தன் தோட்டத்துக்குத் திரும்பினான். அவன் வேலை பார்க்கிற ஸ்டோரில் அந்தக் கம்பை இப்போது துரைக்கம்பு என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறதாம். "கம்புன்னு சொல்லுங்கடா. வெறும் கம்பு" என்கிறானாம்.

இதைப் படிக்கிற நீங்கள் ஆலையிலோ ஸ்டோரிலோ சுரங்கத்திலோ இருந்தால், நாளைக் காலை எஞ்சின் கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கம்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். உங்களோடு வேலை செய்கிற ஒவ்வொருவரையும், உருளைக்கு முன்னால் நிற்கிற பெண்களை முதலில், கூட்டிக்கொண்டு போய் அதைத் தொடச் சொல்லுங்கள். ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாருடைய உத்தரவு என்று கிராணி கேட்பார். கேட்கட்டும். அவர் கேட்டு முடிப்பதற்குள் எல்லாரும் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும்.