கொஸ்லந்த இறக்கத்தில் இரண்டு கொப்பு

என்னைவிடச் சின்ன வயதில் கொஸ்லந்த இறக்கத்தைச் சைக்கிளில் இறங்கியவன் ஒருவன் உண்டென்றால் கூட்டி வாருங்கள், என் செலவில் விருந்து வைக்கிறேன். எத்தனையோ வருஷமாகச் சொல்லிவருகிறேன், இன்னும் ஒருவரும் வந்து நிற்கவில்லை. பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். பண்டாரவளையில் இன்று இருக்கிற கடையும் வீடும் யார் தயவும் இல்லாமல் நானாகச் சம்பாதித்தவை. அந்த இறக்கத்தை மட்டும் நான் தனியாக இறங்கவில்லை. துணிக்கடை நானாவின் சைக்கிளில், பின்னால் மூட்டை வைக்கிற இரும்பில் உட்கார்ந்து இறங்கினேன்.

ஜெர்மன் சண்டை முடிந்த புதிது. எங்கள் பக்கத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். கொஸ்லந்தையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான என் சித்தப்பா ஒருவர். சீமைக்குப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய சைக்கிள் அவருடையது. ஆஸ்பத்திரி மருந்துக்காரர் ஒருவர். அப்புத்தளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர். அவரைத்தான் எல்லோரும் நானா என்போம். சாதி, மதம், உத்தியோகம் எல்லாம் வேறு வேறு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர்கள் ஒரே சாதியாகிவிடுவார்கள், சைக்கிள் சாதி. ஒருவருடைய டயர் வெடித்தால் மற்றவர்கள் முகம் சாவு வீட்டு முகம்போல ஆகிவிடும்.

அந்தக் காலத்துச் சைக்கிளுக்குப் பிரேக் என்று ஒன்று இருந்தது, பேருக்கு. மலையிறக்கத்தில் அதை நம்பியவன் வீடு சேரமாட்டான். அதனால் இறக்கத்தின் தலைப்பில் நின்று, இலையோடு கூடிய பெரிய மரக்கொப்பு ஒன்றைக் கயிற்றால் சைக்கிளின் பின்னால் கட்டுவார்கள். அது ரோட்டில் இழுபட்டுக்கொண்டே வந்து சைக்கிளைப் பிடித்து வைக்கும். மரம் வெட்டினால் துரைமார் சும்மா விடமாட்டார்கள். ஆகவே கீழே அவிழ்த்துப் போட்ட கொப்புகளையே மேலே போகிற மாட்டுவண்டிக்காரர்கள் வெற்றிலைக்கு ஆசைப்பட்டு ஏற்றிக்கொண்டுபோய் மறுபடி போடுவார்கள். சித்தப்பாவின் கயிறு சித்தி முறுக்கிக் கொடுத்தது. அவளுடைய பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துத் திரித்தது. தூரத்தில் வந்தாலும் தெரியும்.

நானாவுக்கு வாய் சும்மா இராது. கொப்புக் கட்டும்போதெல்லாம், "கொப்புக் கட்டி இறங்குறவனெல்லாம் ஒரு ஆம்பளையா? ஒரு நாளைக்குக் கட்டாம எறங்குவோம், வாரியா கணக்கு?" என்று சித்தப்பாவைச் சீண்டுவார். சொல்லிவிட்டு, தான் முதல் ஆளாக நல்ல தடித்த கொப்பாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரயில் காட்டுவதற்காகச் சித்தப்பா என்னை அப்புத்தளைக்குக் கூட்டிப்போயிருந்தார். போகும்போது சித்தப்பாவின் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் போனோம். திரும்பும்போது நானாவும் கொஸ்லந்தைக்கு வருவதாகச் சொல்லிச் சேர்ந்துகொண்டார். சித்தப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார இடம் கிடையாது. நானாவிடம் அன்று துணி மூட்டை இல்லை, அந்த இடத்தில் என்னை ஏற்றினார்கள். இறக்கத்தின் தலைப்புக்கு வந்து பார்த்தால் கிடந்தது இரண்டே கொப்பு. தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கொன்று கட்டினார்கள். சித்தப்பா எங்கள் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தன் சைக்கிளிலிருந்து கொப்பை அவிழ்த்து, அந்தச் சிவப்புக் கயிற்றாலேயே எங்கள் சைக்கிளில் இரண்டாவதாகக் கட்டினார்.

"அப்ப ஒனக்கு?" என்றார் நானா.

"பின்னால பய இருக்கான், ஒத்தக் கொப்பு தாங்காது. நமக்கென்ன, பிரேக்கு இருக்குல்ல? மெள்ள வந்துர்றேன், நீங்க போங்க."

நாங்கள் இறங்கினோம். இரண்டு கொப்பும் பின்னால் சரசரவென்று இழுபட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ராஜா ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது எனக்கு. கீழே வந்து காத்திருந்தோம். சித்தப்பா வரவில்லை. என்னை ஒரு வண்டிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நானா மேலே ஓடினார். ஒரு திருப்பத்தில், ஈரப் பாசியில் வழுக்கி, சித்தப்பா சைக்கிளோடு பள்ளத்தில் கிடந்தார். தோட்டத்து ஆட்கள் வந்து தூக்கியபோது உயிர் இல்லை.

அவருடைய சைக்கிளில் கொப்பும் இல்லை, கயிறும் இல்லை. அது போதாதா? நானாவின் பழைய கேலியைக் கேட்டிருந்த சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: பந்தயம் வைத்திருக்கிறார்கள். "பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டா பந்தயம் ஓட்டுனான்?" என்று மருந்துக்காரர் பல்லைக் கடித்தார். போய்க் கேட்டவர்களிடம் நானா, "என்னாலதான் போனான்" என்று மட்டும் சொன்னாராம். சித்தி அவர் பெயரைச் சொல்லி மண்ணை வாரி இறைத்தாள். சிநேகிதன் செத்த துக்கம் ஒருபக்கம், அதற்குக் காரணமும் ஒரு சிநேகிதனே என்பது மறுபக்கம். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரும் சைக்கிளைத் தொடவில்லை. எனக்கோ நல்ல காய்ச்சல். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சிறுவனிடம் என்ன கேட்பது?

கருமாதி அன்று சைக்கிள்காரர்கள் வந்தார்கள். ஒருவரும் ஏறி வரவில்லை. அத்தனை பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மலைப்பாதையில் நடந்து வந்து, வாசலில் வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். சித்தப்பாவின் நெளிந்த சைக்கிளுக்கும் மாலை போட்டிருந்தது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கடைசியாக நானா வந்தார், தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பின் இரும்பில் அந்தச் சிவப்புக் கயிறு அப்படியே தொங்கியது.

மருந்துக்காரர் பாய்ந்து எழுந்தார். "இது யாரு கயிறு? சொல்லுய்யா, யாரு கயிறு? அவன் கயித்தையும் அவுத்துக்கிட்டா அவனை எறக்கத்துல விட்ட?"

சித்தி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கயிற்றைப் பார்த்தாள். "என் சீலை... ஐயோ, என் சீலைக் கயிறு!" என்று அலறினாள். நானா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டு பேர் அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அடி விழப்போகிற நேரம்.

அந்த நேரத்தில்தான் நான் புகுந்தேன். இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் என் சாதனையை ஒருவரும் பேசவில்லையே என்று எனக்கு ஏற்கெனவே மனக்குறை.

"அது எங்க கயிறு!" என்று கத்தினேன். "ரெண்டு கொப்பும் எங்களுக்குத்தான்! சித்தப்பாவே கட்டிவிட்டாரு. நான் பின்னால இருந்தேன்ல, அதுனால ஒத்தக் கொப்பு தாங்காதாம்!"

சட்டையைப் பிடித்த கைகள் அப்படியே நின்றன. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெருமையாகத்தான் பார்க்கிறார்கள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

முதலில் வாய் திறந்தவர் நானா. "சின்னப் புள்ள, காய்ச்சல்ல என்னத்தையோ ஒளறுது. பந்தயம்தான் வச்சோம், தங்கச்சி. நான்தான் கூப்பிட்டேன். என்னைய ஏசுங்க, அடிங்க. புள்ளயோட பேச்ச எடுக்காதீங்க" என்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது.

சித்தி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அழுகை நின்றுவிட்டது. நடந்து வந்து, சைக்கிளில் இருந்த கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இது நான் நானாவுக்குக் குடுத்த கயிறு," என்றாள். "ரெண்டு முறுக்கி வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரருது பழசு, நைஞ்சு போயிருந்துச்சு. மாத்தித் தா, மாத்தித் தான்னாரு, நாந்தேன் இன்னைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். அது அந்துபோச்சு. பந்தயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனி யாரும் இதப் பத்திப் பேசக்கூடாது."

மருந்துக்காரர் சித்தியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஆமா, அந்துதான் போயிருக்கும். கொப்போட அதுவும் பள்ளத்துல போயிருக்கும்" என்றார். நானாவின் சட்டையைச் சரிசெய்து, தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக, ஆமாம் ஆமாம், அந்துதான் போயிருக்கும் என்றார்கள். அன்று திரும்பிப் போகும்போது அத்தனை சைக்கிளும் சேர்ந்தே போயின, நானாவின் சைக்கிள் நடுவில்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கண்ணால் பார்த்தவன் நான். பார்க்காதவர்கள் எல்லோரும் ஒரே குரலில் மாற்றிச் சொல்கிறார்கள். "அந்துபோகல சித்தி, நான் பாத்தேன்!" என்று குதித்தேன். அவள் என்னை மடியில் இழுத்துப் போட்டு, என் வாயில் ஒரு வடையைத் திணித்தாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண் இருந்தாள். அவள் பிறந்த வாரத்தில் தகப்பன் செத்துப்போனான். அப்பனை முழுங்கினவள் என்றே அவளைக் கூப்பிடுவார்கள். அவளுக்கு வேறு பெயர் இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது. அந்த மாதிரி ஒரு பட்டம் எனக்கும் தயாராக இருந்தது என்பதோ, அதை வாசலிலேயே நிறுத்திவிடத்தான் ஒரு மனுஷர் அடிவாங்கத் தயாராக நின்றார், ஒரு மனுஷி தன் தலையிலேயே பழியை அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்பதோ எனக்கு எப்படித் தெரியும்? சித்திக்கு மறதி என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், வருகிறவர்களிடம் அவள் கயிறு அறுந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் குறுக்கே விழுந்து திருத்துவேன். அவள் ஒரு தடவைகூட என்மேல் கோபப்பட்டதில்லை.

"ஆமா ராசா, ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பாள். நானும் அதை நம்பினேன்.