செகண்ட்ஸ் வைரம்

அர்த்தநாரி எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டவர்கள் திருப்பூரில் யாரும் இல்லை. பனியன் கம்பெனி ஒன்றில் அவர் செக்கிங் மாஸ்டர். தைத்து வந்த பனியனைக் கண்ணாடி மேசைமேல் விரித்து, அடியில் எரியும் குழல்விளக்கின் வெளிச்சத்தில் பார்ப்பார். ஓட்டை, எண்ணெய்க்கறை, ஊசி பழுதான இடத்தில் நூல் விட்டுப்போன கோடு, இவற்றில் ஒன்று தென்பட்டால் அந்தப் பனியன் பழுது சரக்கோடு சேர வேண்டியதுதான். பழுது சரக்குக்குக் கம்பெனியில் செகண்ட்ஸ் என்று பெயர். ஒன்றும் தென்படாவிட்டால் நல்ல சரக்கோடு சேரும். அப்போதும் அவர் முகத்தில் திருப்தி தெரியாது. சாட்சி கிடைக்காமல் ஆளை விடுதலை செய்கிற நீதிபதியைப் போல இருப்பார்.

குறையில்லாத சரக்கு என்று ஒன்று கிடையாது, சரியாகப் பார்க்கப்படாத சரக்குதான் உண்டு என்பது அவர் கொள்கை. அதைக் கசப்போடு சொல்லமாட்டார். மழை வந்தால் நனையும் என்பதைப் போலச் சொல்வார்.

இந்தக் கொள்கை கம்பெனி வாசலோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. மகள் கமலாம்பாளுக்கு முதலில் வந்த மாப்பிள்ளையிடம், ஒரு தோள் இறங்கியிருக்கிறதே, சிறு வயதிலிருந்தேவா என்று விசாரித்தார். இரண்டாவது மாப்பிள்ளையின் தாய்மாமனிடம், பையன் சொல்லும் சம்பளமும் போட்டிருக்கும் செருப்பும் பொருந்தவில்லையே என்றார். இரண்டும் உண்மை. இரண்டு வரனும் போயிற்று.

அறுபத்தொன்பதாம் வருஷம் மூன்றாவதாக ஒன்று வந்தது. சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருந்த சிவசுப்பிரமணியத்தின் இளைய மகன் வேலுமணி. பெண் பார்க்க வந்தபோது ஞானாம்பாள் தன் கணவருக்கு வாயில் வெற்றிலையைத் திணித்து உட்கார வைத்திருந்தாள். வரன் தங்கியது. அவர்கள் போன பிறகு அவள் சொன்னாள்: “ஏனுங்க, இதுவும் போச்சுன்னா அம்மிணிய ஊட்டுலயே வச்சுத் தெனமும் செக்கிங் பண்ணீட்டு இருங்க.”

மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்கு வைர மோதிரம். மூத்த மகனுக்கு அவன் மாமனார் வீட்டில் அப்படிப் போட்டிருந்தார்கள். இளையவன் விரலில் வெறும் தங்கம் இருந்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்று மாப்பிள்ளையின் தாய் முத்தாயி கருதினாள்.

அர்த்தநாரிக்கு வைரம் தெரியாது. பனியனை வெளிச்சத்தில் பிடித்தால் குறை தெரியும். வைரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் வெளிச்சம்தான் தெரிகிறது. இரண்டு ராத்திரி யோசித்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கல்லைச் சோதிக்கத் தன்னால் ஆகாது, கடைக்காரரைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. நூல் விற்க வரும் மில்காரர்களிடம் கேட்கும் கேள்விதான். ‘உங்க சரக்குல செகண்ட்ஸ் எத்தனை வருதுங்க?’ வருவதே இல்லை என்று சொன்ன மில்லின் நூலை அவர் கம்பெனிக்குள் விட்டதில்லை.

கூடத் துணைக்குக் கல்யாணத் தரகர் கிட்டுசாமி வந்தார். வைரத்தைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கடை தெரியும்.

முதல் கடை திருப்பூரிலேயே. கடைக்காரர் கறுப்பு வெல்வெட்டில் ஐந்தாறு கற்களைப் பரப்பினார். “எல்லாம் புளூ ஜாக்கருங்க, வைரத்துலயே ஒசந்த ரகம். கண்ண மூடீட்டு எடுக்கலாம்.”

“கண்ணத் தொறந்துட்டுத்தானுங்க எடுக்கோணும்,” என்றார் அர்த்தநாரி. “இதுல செகண்ட்ஸ் எத்தனைங்க?”

“என்னுது?”

“செகண்ட்ஸுங்க.”

கடைக்காரர் வெல்வெட்டைச் சுருட்டினார். “நாலு தலைமுறையா யாவாரம் பண்றமுங்க. இந்தக் கடைப் படியேறி இப்பிடி ஒரு வார்த்தைய யாரும் கேட்டதில்ல. அதெல்லாம் உங்க பனியன் கம்பெனியோட வச்சுக்கங்க.”

வெளியே வந்ததும் கிட்டுசாமி, “மாஸ்டருங்க, கல்லுக்கு எதுக்குங்க இத்தன கேள்வி? பந்தியில உக்காந்து மோதரத்த யாரு வெளக்குல புடிச்சுப் பாக்கறா?” என்றார்.

“நான் பாப்பனுங்க,” என்றார் அர்த்தநாரி.

இரண்டாவது கடை கோயமுத்தூரில். பெரிய கடை. உட்கார்ந்ததுமே கலர் சோடா வந்தது. இங்கேயும் எல்லாக் கல்லும் மாசு மருவற்றது என்றார்கள். அர்த்தநாரி தன் கேள்வியைக் கேட்டார். கடை முதலாளி கோபிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அத மொதல்லயே சொல்றதில்லீங்களா,” என்று குரலைத் தாழ்த்திக் கீழ்ப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். “பாதி வெலைக்கே தர்றனுங்க. மோதரத்துல பதிச்சுட்டா அந்தக் கடவுளே வந்தாலுங் கண்டுபுடிக்க முடியாது. மாப்பிள்ளைக்குத்தானுங்களே?”

அர்த்தநாரி சோடாவை முழுதும் குடிக்காமல் எழுந்தார். அந்தக் கடையில் செகண்ட்ஸே கிடையாது என்று சற்றுமுன் சொன்ன வாயும் இதே வாய்தான் என்பதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். கிட்டுசாமி கலர் சோடாவைப் பற்றி யோசித்திருக்கலாம். இரண்டு பாட்டிலையும் அவர்தான் முடித்திருந்தார்.

மூன்றாவது கடை அதே வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரர் பெயர் வெள்ளியங்கிரி. கடுமையான ஜலதோஷத்தில் இருந்தார். பேசுவதையே சிக்கனமாக வைத்திருந்தார்.

“செகண்ட்ஸ் இருக்குதுங்களா?”

வெள்ளியங்கிரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எல்லாமே செகண்ட்ஸ்தானுங்க. எவ்வளவு செகண்ட்ஸுங்கறதுதான் வெலை.”

அர்த்தநாரி துண்டை மடியில் வைத்துக்கொண்டு சரியாக உட்கார்ந்தார்.

“இந்தக் கல்லுல?”

“ஓரத்துல ஒரு புள்ளி. வெள்ளப்புள்ளி. கறுப்பு இருந்தா ஆகாதும்பாங்க, வெள்ளைக்கு யாரும் ஒண்ணுஞ் சொல்றதில்ல. வேண்டாம்னா வேற பாருங்க. அதுல புள்ளியில்ல, கீறல் இருக்குது.”

பூதக்கண்ணாடியை வாங்கி அர்த்தநாரி வெகுநேரம் பார்த்தார். புள்ளி அவருக்குத் தென்படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் கண்ணுக்குத் தெரியாத குறையை விற்கிறவன் சொல்லித் தெரிந்துகொண்டார். சின்னக் குறையை ஒப்புக்கொள்கிறவன் பெரிய குறையை மறைக்கலாம் என்பதும் உடனே தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த வழியில் யோசித்துக்கொண்டே போனால் கடைசியில் மோதிரம் இருக்காது, யோசனை மட்டும்தான் இருக்கும். அது அவருக்கே தெரிந்தது.

வழக்கப்படி கல்லை வீட்டில் வைத்து ராசி பார்க்கக் கொடுத்தார் வெள்ளியங்கிரி. ஞானாம்பாள் அதை முருகன் படத்தடியில் வைத்தாள். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நல்ல ராசி என்றாள் அவள். எந்த மூன்று நாளை எடுத்தாலும் இந்த வீட்டில் ஒன்றும் நடப்பதில்லையே என்றார் அர்த்தநாரி. இருந்தாலும் கல்லை மோதிரத்தில் பதித்து வாங்கி வந்தார்.

இதற்குள் கிட்டுசாமி சாமளாபுரத்துக்குப் போயிருந்தார். அங்கே டீக்கடையில் நாலு பேர் சிரிக்கட்டும் என்று ஒரு கதை சொன்னார். உங்க ஊருக்கு வரப்போற திருப்பூர்ச் சம்பந்தி கடை கடையாக ஏறி, செகண்ட்ஸ் வைரம் இருக்குதா, செகண்ட்ஸ் வைரம் இருக்குதா என்று கேட்கிறார் என்பது கதை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நாலு பேரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது முத்தாயி காதுக்குப் போயிற்று. அவள் சிரிக்கவில்லை.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிவசுப்பிரமணியமும் முத்தாயியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். ஞானாம்பாள் காபி கொடுத்தாள். முத்தாயி டம்ளரைத் தொடவில்லை.

“ஊர்ல ஒரு பேச்சு அடிபடுதுங்க,” என்றாள். “நாங்க நம்புல. இருந்தாலும் கண்ணுல பாத்துட்டாத் தேவல.”

மோதிரம் வந்தது. முத்தாயி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லாத்தான் மின்னுது. கல்லுல குத்தம் ஒண்ணும் இல்லீங்களே?”

“ஐயோ, இல்லவே இல்லீங்க,” என்றாள் ஞானாம்பாள்.

“இருக்குதுங்க,” என்றார் அர்த்தநாரி.

ஞானாம்பாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கமலாம்பாளின் வளையல் சத்தம் நின்றது.

“ஓரத்துல ஒரு வெள்ளப்புள்ளி இருக்குதுங்க. எனக்குத் தெரியல. கடைக்காரர் சொன்னாரு. புள்ளியே இல்லைன்னு சொன்ன கடையில நான் வாங்குலீங்க. பயமா இருந்துச்சு.”

சிவசுப்பிரமணியம் மோதிரத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து, “எனக்குந் தெரியலீங்க,” என்று உட்கார்ந்தார். அவர் பெரிய சத்தியசந்தர் என்று பேரெடுத்தவர் இல்லை. ஆனால் விருந்துக்கு விருந்து, மொய்க்கு மொய் என்று பழகியவர். எதிராளி ஒன்றை வைத்த பிறகு தானும் ஒன்றை வைக்காமல் எழுந்து போக அவருக்கு வராது.

“அப்படின்னா நாங்களும் ஒண்ணு சொல்லோணும்,” என்றார்.

“என்னுங்க, சும்மா இருங்க,” என்றாள் முத்தாயி.

“இரு. பையனுக்கு எடது காது கேக்காதுங்க. சின்னப்பையனா இருக்கறப்ப காச்சல்ல போனது. தரகருகிட்டச் சொல்லித்தான் உட்டேன். அவரு சொல்லுலீங்களா?”

கிட்டுசாமி சொல்லவில்லை.

அர்த்தநாரி பெண் பார்த்த அன்றைய தினத்தை மனதில் விரித்துப் பார்த்தார். வெற்றிலை மென்றுகொண்டே அவர் வேலுமணியின் பல், நடை, நகம் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். யார் பேசினாலும் அந்தப் பிள்ளை முகத்தை முழுதாகத் திருப்பி அவர்களையே பார்த்துப் பதில் சொன்னான். மரியாதை தெரிந்த பையன் என்று அர்த்தநாரி அன்று நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைத்தார். அதுவும் தப்பாகப் போய்விட்டது.

மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சம்பந்தி என்ன சொல்றீங்க?” என்றார் சிவசுப்பிரமணியம்.

“எனக்கு இதப் பாத்துச் சொல்லத் தெரியலீங்க,” என்றார் அர்த்தநாரி. “கூட இருக்கப் போறது அம்மிணிதான். அதையே கேட்டுக்கங்க.”

அப்படிக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டிலும் இல்லை, சாமளாபுரத்திலும் இல்லை. கமலாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“சோத்தாங்கைப் பக்கம் கேக்குமுங்களா, அத்தை?”

“அந்தக் காதுல தறி ஓடறப்பக்கூடக் கேக்குங் கண்ணு,” என்றாள் முத்தாயி.

“அப்ப நான் அந்தப் பக்கம் நின்னுக்கறனுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

முத்தாயி ஆறிப்போன காபியைக் குடித்தாள். மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தபடி, “புள்ளியப் பத்தி ஒண்ணும் இல்லீங்க. மூத்தவனோட மாமனார் வர்றப்ப மட்டும் வாயத் தொறந்துறாதீங்க,” என்றாள். அர்த்தநாரி முயற்சி செய்வதாகச் சொன்னார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டியதும் வழக்கப்படி பெண்ணை மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் மாற்றி உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கமலாம்பாள் அவனிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். வேலுமணி ஓமத்தீயையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி சொன்னாள். பிறகு அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் திரும்பி, உடம்பையே வளைத்து, வலது காதை அவள் வாயருகே கொண்டுபோனான். பந்தலில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, தாலி கட்டின கையோட இத்தன நெருக்கமா, காலம் கெட்டுக் கெடக்குது என்று சிரித்தார்கள். அர்த்தநாரியிடம் யாரோ அதைச் சொன்னார்கள். விஷயம் அதுவல்ல என்று விளக்குவதற்கு அவர் வாயெடுத்தார். ஞானாம்பாள் அவர் காலை மிதித்தாள்.