கன்னியம்மா அக்காவின் மூன்றாவது கேபிள்

புது ஹெச்டிஎம்ஐ கேபிளின் கவரைக் கிழித்தால் ஒரு வாசனை வரும். புது ரப்பர் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி... மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கடை போட்ட புதிதில் அந்த வாசனைதான் எனக்குச் சாம்பிராணி.

அதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை... மூன்று கலர் ஒயரைச் சொருகினால் படமும் வரும், பாட்டும் வரும். பிறகு தட்டை டிவி வந்தது, ஹெச்டி பாக்ஸ் வந்தது. மூன்று ஒயர் பார்த்த வேலையை ஹெச்டிஎம்ஐ என்ற ஒரே ஒயர் பார்க்க ஆரம்பித்தது. எதை வாங்குவதென்று ஜனங்களுக்கு ஒரே குழப்பம்.

வியாபாரி நான், மறைக்காமல் சொல்கிறேன். "காஸ்ட்லி கேபிள் போட்டா படம் இன்னும் பளிச்சுனு வருமா?" என்று கேட்பவரிடம் ஆமாம் என்று சொன்னால் நல்ல லாபம். ஆனால் டிஜிட்டல் சமாச்சாரம் அப்படி இல்லை. வந்தால் முழுசாக வரும். கேபிள் சரியில்லை என்றால் புள்ளி புள்ளியாக மின்னும், விட்டு விட்டு வரும், இல்லை திரையே கறுத்துவிடும். டிவியும் பாக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சாதாரண கேபிளே போதும். நீளம் கூடினால், இல்லை 4K டிவி என்றால்தான் யோசித்து வாங்க வேண்டும்.

இப்படி உள்ளதைச் சொல்லித்தான் கடலோர மீனவர் குப்பத்து ஜனங்களைப் பிடித்தேன். அவர்களில் முக்கியமானவர் கன்னியம்மா அக்கா. கரையில் மீனை ஏலம் எடுத்து மார்க்கெட்டில் விற்பவர். அவர் நல்ல கடை என்றால் குப்பமே வரும். இல்லை என்றால்... ஷட்டரை இறக்கிவிட்டுச் செங்கல்பட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

தீபாவளிக்கு அக்கா பெரிய டிவி வாங்கினார். கேபிள் நான் கொடுத்தேன். ஒரே மாசத்தில் 'நோ சிக்னல்'. மாற்றிக் கொடுத்தேன். அதுவும் போனது. மூன்றாவதும் போன அன்று, மீன் கூடையை இடுப்பில் வைத்தபடியே வந்து கடை வாசலில் நின்றார். பின்னால் மீன்காரப் பெண்கள் நாலு பேர்.

"இன்னா தம்பி, டூப்ளிகேட் மாலா தள்ளிக்கினு கீற? மீனுன்னா செவுளப் பாத்துச் சொல்லிடுவேன். ஒன் ஒயர்ல எதப் பாக்கறது?"

"யக்கா, எல்லாம் ஒரே பெட்டில வந்த மாலு. மத்தவங்க வூட்ல நல்லாத்தான ஓடுது."

"அப்போ என் வூட்டுக்குனு தனியாப் பொறுக்கி எட்த்தியா?"

பின்னால் சிரிப்பு. தெருவே திரும்பிப் பார்த்தது. விலை கூடின கேபிள் ஒன்றைக் கொடுத்து வாயை அடைத்திருக்கலாம். அதுவும் போய்விட்டால்? கடையைச் சாத்தினேன். அக்கா பின்னாலேயே குப்பத்துக்கு நடந்தேன். அந்த நாலு பேரும் திருவிழாவுக்குப் போகிற மாதிரி கூடவே வந்தார்கள்.

டிவியை நகர்த்திக் கேபிளைப் பிடுங்கினால், முனையெல்லாம் பச்சைக் களிம்பு. கடல்காற்றுதான், இருந்தாலும் ஒரு மாசத்தில் இவ்வளவு பிடிக்காதே... எட்டிப் பார்த்தேன். சுவருக்கும் டிவிக்கும் நடுவில், செட்டாப் பாக்ஸ் மேல் சாய்ந்தபடி ஒரு கருவாட்டு மூட்டை!

"இது இன்னா யக்கா இங்க?" என்றேன், குரலை இறக்கி.

"பொட்டி எந்நேரமும் சூடாக் கீது இல்ல? மழைல கருவாடு நமுத்துப் போவாது. பூனையும் பூராது."

அவர் பக்கம் நின்று யோசித்தால் நல்ல யோசனைதான். ஆனால் அத்தனை உப்பும் நேராகக் கேபிள் முனையில் ஏறியிருக்கிறது. வாசலில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தப்பு உன் வீட்டில்தான் என்று சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் என் கடை போகும்.

கேபிள் முனையை அவர் கையில் கொடுத்தேன்.

முகர்ந்து பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேராக வாசலுக்குப் போனார்.

"ஏய், மாலு நல்ல மாலுதான்டி! எங்க வூட்டுக் கருவாடுதான் அத்தத் தின்னுட்டுக்கீது!"

"இன்னாக்கா, ஒயரையும் சேத்துக் காய வெச்சியா?"

"ஆமாண்டி, ரெண்டு முழம் தரேன், கொயம்பு வெய்யி!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது... பாதி சிரிப்பு, பாதி நிம்மதி. மூட்டையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, தங்க முலாம் பூசின முனை உள்ள கேபிளாகப் பார்த்துப் போட்டேன். படத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. களிம்பு சீக்கிரம் பிடிக்காது, அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா என் கடை வாசலுக்கும் வந்து, முதல்நாள் கத்தின அதே சத்தத்தில் மாலு நல்ல மாலுதான் என்று சொன்னார். "எதுக்குக்கா இதெல்லாம்?" என்றேன். "தெருவுல கத்தினேன், தெருவுலதான சொல்லணும்?" என்றார். அடுத்த தீபாவளிக்குள் பாதிக் குப்பத்து டிவிக்கு என் கேபிள்தான்.

இப்போது சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலும் ஒரு கடை இருக்கிறது. ஆன்லைனிலும் விற்கிறேன். போன மாசம் படூரிலிருந்து யாரோ ஒரே ஒரு ஸ்டார் போட்டு, 'நாட் ஒர்க்கிங்' என்று எழுதியிருந்தார்கள். எந்த டிவி, எந்த போர்ட்டில் சொருகினீர்கள் என்று கேட்டுக் கீழே எழுதினேன். பதில் இல்லை. வேறு கேபிள் அனுப்பட்டுமா என்றும் கேட்டேன். அதற்கும் இல்லை.

தினமும் காலையில் ஒரு தடவை போனை எடுத்துப் பார்க்கிறேன். பெயர்கூட முழுசாக இல்லை. படூரில் எந்த அபார்ட்மெண்ட், எத்தனையாவது மாடி என்று மட்டும் தெரிந்தால்... கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவேன்.