செபஸ்தியான் அண்ணையின் மூக்கும் என் ஆறு ரிப்போட்டும்

1. கதிரை

எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கம்பனியில் குவாலிட்டி கொன்ட்ரோல் ஒபிசராகச் சேர்ந்தேன். இறாலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனி. என்னை அவர்கள் விரும்பி எடுக்கவில்லை. அப்படி ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும் என்று இறால் வாங்குகிறவர்கள் கடிதம் போட்டதால் எடுத்தார்கள். முதல் நாள் முதலாளி ஒரு கதிரையைக் காட்டினார்.

"இதில இருங்கோ. வெளிநாட்டு ஆக்கள் வந்தால் எழும்பி நிண்டு கதையுங்கோ. மிச்சத்தைச் செபஸ்தியான் பாப்பார்."

செபஸ்தியான் அண்ணை சுப்பவைசர். கம்பனி தொடங்கிய நாளிலிருந்து அவருடைய மூக்குத்தான் அங்கே குவாலிட்டி டிப்பார்ட்மெண்ட். லொறி வந்ததும் ஒவ்வொரு கூடைக்கும் குனிந்து மணந்து பார்ப்பார். நிமிர்ந்து, பெண்கள் இறால் உரிக்கும் மேசைப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு "எடு" என்பார், அல்லது "தள்ளு" என்பார். அந்த யோசனையைப் பார்க்க எனக்கே மரியாதை வந்தது, பொய் சொல்வானேன்.

2. ரிப்போட்டுகள்

மூன்று வருடத்தில் ஆறு ரிப்போட் எழுதினேன். நான் கேட்டது பெரிய விசயமில்லை. கூடைக்குப் பத்து இறால் எடுத்து அவித்து மணந்து பார்க்கவேண்டும். ஐஸுக்குள் தேமோமீற்றர் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டையும் புத்தகத்தில் எழுதவேண்டும். அவ்வளவுதான்.

"ஐசே, இறால் என்ன மருந்தே, டெஸ்ட் பண்ண?" என்றார் முதலாளி. "செபஸ்தியான் மணந்து பாத்து அனுப்பினது ஒண்டாவது திரும்பி வந்ததே?"

வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கொழும்பிலிருந்து நான் வரவழைத்த தேமோமீற்றரை, உடைந்துவிடும் என்று ஸ்டோர்க்காரர் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நான்காவது ரிப்போட்டை மடித்து ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுத்திருந்ததை நானே கண்டேன். மேசை அதற்குப் பிறகு ஆடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஐந்தாவதைக் கோபத்தில் இன்னும் நீளமாக எழுதினேன்.

3. பாதை ஓடாத நாள்

லொறியையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். ஒருநாள் கிண்ணியாவில் பாதை பழுதாகி நின்றுவிட்டது. கிண்ணியாவிலிருந்து வரும் உரிக்கும் பெண்கள் ஒருவரும் வரவில்லை. நிலாவெளிப் பக்கத்து லொறி மட்டும் வந்து சேர்ந்தது. அன்றைய சரக்கு உரிக்காமல் தோலோடு உறையவைப்பது, பின்னேரம் கப்பலில் ஏற்றவேண்டும்.

செபஸ்தியான் அண்ணை முதல் கூடைக்குக் குனிந்தார். நிமிர்ந்து மேசையைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார். நாலைந்து தடவை இப்படியே நடந்தது. அந்தக் கூடையின் வீச்சம் மூன்று முழம் தள்ளி நின்ற எனக்கே மூக்கில் அடித்தது. மனிதர் பூவை மணப்பதுபோல மணந்துகொண்டிருந்தார்.

"என்ன செபஸ்தியான், எடுக்கிறதோ?" என்று தன் கந்தோர் அறைக்குள்ளிருந்து முதலாளி சத்தம் போட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ, பாக்கிறன்."

நான் அவரை ஐஸ் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"அண்ணை, உங்களுக்கு மணக்கேல்லையோ?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருசமாச்சுத் தம்பி. ஒரு காய்ச்சல் வந்தது, அதோட போச்சு. மனிசி குசினியில கருவாட்டைக் கருக்கினாலும் எனக்குத் தெரியாது."

"அப்ப இவ்வளவு நாளும்?"

"உரிக்கிற மேசைத் தொங்கலில, கடைசி ஆளா இருக்கிற றகீமாவைப் பாப்பன். பழுதெண்டால் முக்காட்டை மூக்குக்கு இழுப்பாள். இழுத்தால் தள்ளு, இல்லாட்டி எடு." பிறகு மெல்லச் சொன்னார்: "மூக்கில்லாட்டி நான் இங்க என்னத்துக்கு, தம்பி?"

என் ஏழாவது ரிப்போட் அந்தக் கணமே மனதுக்குள் எழுதி முடிந்துவிட்டது. இரண்டு வரி போதும். மூன்று வருட அவமானத்துக்கும் சேர்த்து வென்றிருப்பேன். அவர் அடுத்த நாள் வீட்டிலிருந்திருப்பார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வேர்த்துக்கொண்டு நின்றதைப் பார்க்க வெட்கமாகிவிட்டது.

"அண்ணை, அவிச்சுப் பாக்கவேணுமெண்டு நீங்கள் கேக்கிறதா முதலாளியிட்டச் சொல்லுங்கோ. மணக்கிறதை நான் பாக்கிறன். எடுக்கிறதும் தள்ளுறதும் நீங்களே சொல்லுங்கோ."

அவர் போய்ச் சொன்னார். முதலாளி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "செபஸ்தியான் வேணுமெண்டால் செய்வம். நல்ல யோசினைதானே." ஆறு ரிப்போட்டால் ஏலாதது அரை நிமிடத்தில் நடந்தது. சந்தோசப்படவேண்டிய நான் அன்று முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு இறால் அவித்தேன். இரண்டு கூடை தள்ளினோம். மிச்சம் கப்பலேறியது.

4. றகீமா

அடுத்த நாள் பாதை ஓடியது. றகீமா உரிக்கும் மேசைக்கு வந்ததும் நான் பக்கத்தில் போய், ஒரு பெரிய இரகசியத்தை அவிழ்க்கிறவனைப்போல மெதுவாகச் சொன்னேன். செபஸ்தியான் அண்ணை இவ்வளவு காலமும் உங்களைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார், உண்மையில் இங்கே குவாலிட்டி பார்த்தது நீங்கள்தான், என்றேன்.

அவர் கையிலிருந்த இறாலை உரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"தெரியும் சேர். அவருக்கு மணக்கிறதில்லை எண்டு இந்த மேசையில எல்லாருக்கும் தெரியும். அதுக்காகத்தானே ரெண்டு வருசமா நான் ஒரு நாளும் லீவு எடுக்கல்ல. நேத்து பாதை நிண்டதும், அந்த மனிசன் என்ன செய்யப்போறாரோ எண்டு பின்னேரம் வரைக்கும் கரையிலதான் நிண்டனான்."

மூன்று வருடமாக அந்த மேசையைத் தாண்டித்தான் என் கதிரைக்குப் போய்வந்தேன். ஆறு ரிப்போட்டும் முதலாளிக்கு எழுதினேன். இறாலைக் கையால் தொடுகிற ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாற்றத்துக்கு மசியாத கம்பனி என்று ஊரெல்லாம் குறை சொல்லித் திரிந்தவன், என் பழக்கத்தையும் மாற்றாமல்தான் இருந்திருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ரிப்போட் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் மேசைத் தொங்கலில் இருப்பவரிடம் போய்க் கேளுங்கள். நான் அன்று கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் றகீமாவுக்குப் பக்கத்தில் போட்டேன். அவர் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.