ஊசியிடம் வரும் துணி

எங்கள் தையல் கடையில் அவளுக்கு 'இஞ்சு டேப்' என்று பேர். கழுத்தைவிட்டு டேப் இறங்காது; கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துவிடுவாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் அளந்தது ஓரகத்தியை.

இருவருக்கும் பத்து நாள் இடைவெளியில் பிரசவம், ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறை. சின்னவளான ஓரகத்தியின் பையன் கொழுகொழுவென்று இருந்தான். இவள் பெண்ணோ மூன்று வாரமாகியும் பிறந்த எடைக்கே வரவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் புட்டிப்பால் சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

"அவளுக்குப் பால் சொட்டுதுக்கா. நாளைக்கு நாலு சட்டை மாத்துறா. வேணும்னே என் ஜன்னல்லதான் காயப்போடுறா" என்றாள் என்னிடம்.

"வேற எங்கடி வெயில் வருது?"

"நீயும் அவ கட்சியா?"

வயிற்றெரிச்சல் என்றால் அப்படியொரு வயிற்றெரிச்சல். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தால், இவள் பெண் ஓரகத்தியின் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ரொம்ப அழுதாக்கா, அதான்" என்றாளாம் சின்னவள். இவள் வெடுக்கென்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, ஈரத் தலையோடு நேரே கடைக்கு வந்து நின்றாள்.

"என்கிட்ட முகத்தைத் திருப்புறா. அவகிட்ட சமத்தா குடிக்கிறா. என் புள்ள என்கிட்ட குடிக்கணும்க்கா."

கடையைப் பூட்டிவிட்டு, சுகாதார நிலையத்தில் இருந்த தாய்ப்பால் ஆலோசகரிடம் அவளை இழுத்துப்போனேன். அந்த அம்மாள் முதலில் குழந்தையை எடை போட்டார். "எப்பவும் போல குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கவனித்தார்.

இஞ்சு டேப் குழந்தையை மடியில் கிடத்தினாள். மெஷின் முன்னால் குனிகிற மாதிரியே முதுகை வளைத்து, மார்பைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள். அது காம்பின் நுனியை மட்டும் கவ்வி, நழுவவிட்டு, வீறிட்டது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"தையல்."

"தைக்கும்போது ஊசி துணியைத் தேடிப் போகுமா?"

"துணியைத்தான் ஊசிகிட்ட நகர்த்துவோம்."

"இங்க மட்டும் ஏன் தலைகீழா செய்றீங்க? நல்லா சாஞ்சு உக்காருங்க."

முதுகுக்குத் தலையணை கொடுத்தார். குழந்தையின் வயிற்றை இவள் வயிற்றோடு ஒட்ட வைத்தார். குழந்தை வாயை அகலத் திறந்ததும் இவள் அதைத் தன் பக்கம் இழுத்தாள். அது விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

மறுபடி எடை போட்டார்கள். ஐம்பது கிராம் கூடியிருந்தது.

"பால் இருக்கு. வாய்க்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான்."

"அவ பையன் எத்தனை கிராம் குடிப்பான்?" என்றாள் இஞ்சு டேப்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் எடை ஏறியிருந்ததைப் பார்த்து டாக்டர் புட்டிப்பால் வேண்டாம் என்றார். சின்னவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் என்னிடம் ஒத்திகை பார்த்தபடி வந்தாள். வீட்டில் சின்னவள் குனிந்து உட்கார்ந்து, துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் ஒழுகியது. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது.

"தினமும் இப்படித்தான்க்கா. உங்க பொண்ணு குடிச்ச அன்னைக்குத்தான் வலிக்காம இருந்துச்சு."

இஞ்சு டேப்புக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்ததாம். பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள். ஆனாலும் தலையணையை எடுத்துச் சின்னவள் முதுகுக்குக் கொடுத்தாள்.

"சாஞ்சு உக்காரு. நாளைக்கு அந்த அம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

தன் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஆனா என் பொண்ணுக்கு இனிமே நீ குடுக்காத."