மானிட்டரின் அண்ணன்

தாராவியில் தோல் பை தைக்கும் பேச்சிராஜா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். தங்கை மாரிசெல்வி வகுப்பு மானிட்டர் என்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. பெற்றோர் கூட்டத்துக்கு ஆண்டுதோறும் அவன்தான் போவான். "கண்ண மட்டும் விட்டுட்டு அடிச்சிப் படிக்க வையுங்க டீச்சர்" என்று தங்கையின் முன்னாலேயே சொல்லிவிட்டு வருவான்.

இந்த முறை டீச்சர் அதே வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை வீங்கியிருந்தது.

"நாங்க யாரும் பிள்ளைங்கள அடிக்கிறதில்ல. ஒங்க தங்கச்சி ஸ்கேலால அடிச்சிருக்கா. மானிட்டர் பேட்ஜ வாங்கிட்டோம்."

பேச்சிராஜா பக்கத்தில் நின்ற தங்கையிடம் திரும்பினான். "ஏன்ட்டி இப்பிடிச் செஞ்ச?"

"நீதானண்ணே வருசா வருசம் அடிக்கச் சொல்லுத? அவ வாய்ப்பாடு சொல்லல."

அவன் தங்கையைத் திட்டவில்லை; பேட்ஜைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அந்தச் சிறுமியின் முன்னால் குனிந்து, "தப்பு எம்மேலதான் தாயி" என்றான்.